கிள்ளானில் ஓர் அடைப்பு

மலேசியாவில் இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். நானும் தள்ளி வைத்தேன். அப்போது எதுவும் உறைக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் வட்டாட்சியர் அலுவலகத்தில் குப்பை கொட்டி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். மனுவில் ஒரு தேதி பிசகியிருந்தாலும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியவள்.

போனது என் தம்பி குணசேகரனின் முதல் வருடத் திதிக்கு. வீட்டில் குணா. எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினாலு. அதன்பிறகு அவனுக்குத் தலைவாரியது, ரேங்க் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டது, மலேசியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பியது எல்லாம் நான்தான். தலைநகரில் தமிழர்கள் கூடும் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தில் பரிமாறப் போனவன், கிள்ளான் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். பிறகு போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினான். ஒருநாள் காலை வீட்டில், தன் அறைக் கட்டிலில் உட்கார்ந்து காலுறை போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான்.

அவன் போனபோது நான் போகவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. மன்னார்குடியில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள் நான்; என்னுடையது பீரோவில் புடவைக்கு அடியில் செத்துக் கிடந்தது. ஆகவே நேரில் போவதற்குப் பதிலாகத் தொலைபேசியில் உத்தரவு போட்டேன். "எத்தனை மணிக்குப் பிரிஞ்சுது?" என்று கேட்டேன். "பதினொண்ணு பத்து" என்றாள் குணாவின் மனைவி சாந்தி. பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். அவிட்டம். "அடைப்பு இருக்கு. ஆறு மாசம் அந்த அறையைப் பூட்டி வையி" என்றேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சில நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால் அந்த இடத்தை மூடிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பெயர் அடைப்பு. எத்தனை மாதம் என்பது நட்சத்திரத்தைப் பொறுத்தது. அதுவரை போனவர் அந்த இடத்தை விட்டு முழுதாகப் போகமாட்டார், அறையில் யாரும் புழங்கக்கூடாது. நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். நடைமுறை என்று ஒன்று இருந்தால் நான் பின்பற்றுவேன். அவ்வளவுதான்.

நான் போய் இறங்கியது செவ்வாய்க்கிழமை. "செவ்வாக்கிழமை துக்க வீட்டு வாசல்படி மிதிக்கவேண்டாம்க்கா, புதன்கிழமை வாங்க" என்று சாந்தி சொல்லியிருந்தாள். நடைமுறையில் என்னையே மிஞ்சுகிறாளே என்று ஒரு மரியாதை வந்தது. அன்றைக்குப் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்தேன். தெருவெல்லாம் பூமாலைக் கடை, புடவைக் கடை, கிளி ஜோசியம். மன்னார்குடி கடைத்தெருவை அலம்பித் துடைத்து விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. நடைபாதையில் நடப்பவர்கள் நடைபாதையிலேயே நடந்தார்கள். அது ஒன்றுதான் வெளிநாடு.

மத்தியானம் குணாவின் மகள் கவிதா சாப்பாட்டுக் கடைக்கு வந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்காகத் தாய் வீட்டில் இருக்கிறாள். வாழையிலையில் சோறு, பாகற்காய் வறுவல், கேட்டும் கேட்காமலும் மூன்று வகைக் குழம்பு. அவள் சாப்பிடவில்லை.

"அத்தை, அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்."

"என்ன?"

"அப்பா ரூம். ஆறு மாசம்னு சொன்னீங்க. ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் பூட்டியே கிடக்கு. என் ரூம் மேல. மாடிப்படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஹால்ல சோபாவுல படுக்கறேன். பிள்ளையக் கொண்டாந்து எங்க போடறது, சொல்லுங்க?"

"ஆறு மாசம் முடிஞ்சதும் திறக்க வேண்டியதுதானே?"

"அதானே! 'மூடச் சொன்னது அக்கா, திறக்கறதும் அவங்க வந்து சொல்லணும்'ங்கறாங்க. சாவியக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியறாங்க லா." பேச்சின் வாலில் 'லா' போடுவது அந்த ஊர்ப் பழக்கம். கவிதா தண்ணீரைக் குடித்தாள். "அது மட்டும் இல்ல. உள்ள யாரோ இருக்கற மாதிரி இருக்கு அத்தை."

"எலியா இருக்கும்."

"எலி தொண்டையச் செருமுமா?"

நான் ரசத்தை விட்டுக்கொண்டேன். குணா என்னிடம் எது பேசுவதானாலும் முதலில் இரண்டு முறை செருமுவான். மனு கொடுக்க வந்தவன் கதவுக்கு வெளியே நிற்கிற மாதிரி. ஐம்பது வயதுக்கு மேலும் தொலைபேசியில் அப்படித்தான். எனக்கு அது தெரியும். கவிதாவுக்கு நான் சொன்னதில்லை.

அவளைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பூஜை சாமான் வாங்கப் போனேன். கடைக்காரருக்கு என் வயது இருக்கும். கற்பூரம், எள், தர்ப்பை எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, "திதி கணிச்சாச்சாக்கா?" என்று கேட்டார்.

"நானே கணிச்சேன். ஆவணி வளர்பிறைச் சதுர்த்தசி. அவிட்ட நட்சத்திரம்."

"எந்தப் பஞ்சாங்கத்துல பாத்தீங்க? இந்தியா டைமா, மலேசியா டைமா?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. அவர் முகத்தில் கிண்டல்கூட இல்லை. தினம் பத்துப் பேரிடம் கேட்பார்போல. எனக்குக் கடைக்குள் குளிர்ந்தது.

குழந்தைகளுக்கு ஜாதகம் எழுதக் கேட்பார்கள் என்று பழைய வருடத்து உள்ளூர்ப் பஞ்சாங்கங்களை அடுக்கி வைத்திருந்தார். தம்பி போன தேதியையும் நேரத்தையும் சொன்னேன். போன வருடத்துப் புத்தகத்தை எடுத்தார். விரலால் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். "திதி சரிதான்க்கா, சாயங்காலம் வரைக்கும் சதுர்த்தசி இருக்கு. நட்சத்திரம்தான் இடிக்குது. பதினொண்ணு பத்துக்குத் திருவோணம்ல. அவிட்டம் பிறக்கறதே இங்க பன்னண்டு இருபத்திரண்டுக்கு." பிறகு ஆறுதலாக, "திருவோணத்துக்கு அடைப்பே கிடையாது. நல்ல சாவு" என்றார்.

மன்னார்குடிப் பஞ்சாங்கத்தில் அவிட்டம் ஒன்பது ஐம்பத்திரண்டுக்குப் பிறந்தது. கிள்ளானில் பதினொன்று பத்து என்றால் மன்னார்குடியில் எட்டு நாற்பது. மலேசியாக் கடிகாரத்தை வைத்து இந்தியப் பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. அதைப் போடாமல் ஒரு குடும்பத்தின் கதவைப் பூட்டிவிட்டேன்.

அன்று மாலை முழுவதும் விடுதி அறையில் உட்கார்ந்து யோசித்தேன். அலுவலகத்தில் தவறான உத்தரவைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, தவறு என்று எழுதி ரத்து செய்வது. இன்னொன்று, 'உத்தரவின் காலம் முடிவுற்றது' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது. இரண்டாவதில் யார் பெயரும் வராது. நான் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டேன்.

புதன்கிழமை காலை கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். இங்கே நடுப்பெட்டி பெண்களுக்கு மட்டும். இளஞ்சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் எழுதியிருந்தால் அதன்மேலேயே நாலு ஆண்கள் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். இங்கே ஒருவர்கூட இல்லை. ஏசியில் பல் கிட்டியது. எதிர் இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண் மடியில் பொட்டலத்தைப் பிரித்து இடியாப்பத்தைப் பழுப்புச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதற்கு இங்கே புட்டு மாயாம் என்று பெயராம். "சாப்பிடறீங்களா ஆன்டி?" என்று நீட்டினாள். ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன்.

வண்டி ஒரு நிலையத்தில் நின்றது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருக்கா. இன்னும் வரல."

பின்னாலிருந்து, நிதானமாக. நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குரல் சொன்னால் உட்காரலாம் என்பதுபோல, யோசிக்காமல். கதவு மூடிக்கொண்டது. வண்டி நகர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே 'கிள்ளான்' என்ற பலகை மெதுவாக என்னைத் தாண்டிப் போனது.

திரும்பிப் பார்த்தேன். பின் இருக்கையில் முக்காடிட்ட பள்ளிச் சிறுமி ஒருத்தி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பின்னால் யாருமில்லை.

"இப்ப ஒரு ஆம்பளை பேசினாரே?" என்று எதிரில் இருந்தவளைக் கேட்டேன்.

அவள் விரலைச் சப்பிக்கொண்டு பெட்டியை ஒருமுறை பார்த்தாள். "இது பொம்பளைங்க கோச் ஆன்டி. ஆம்பளை ஏறினா ஏசிப்புடுவாங்க லா."

அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பியிருக்கலாம். நான் இறங்கவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. வண்டி போர்ட் கிள்ளான் வரை போய் நின்றது. அதற்குமேல் தண்டவாளம் இல்லை. வெளியே உப்புக் காற்று, டீசல் வாடை, தூரத்தில் ராட்சசக் கொக்குகள் மாதிரி பளுதூக்கிகள். குணா வேலை பார்த்த இடம். அவன் சாம்பலைக் கரைத்ததும் இந்தத் தண்ணீரில்தான். நிலைய மேடையில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றித் தரும் பால் டீ, இங்கே தே தாரிக், ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பினேன். வழி தவறியது பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

வீடு, வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் துளசி, பக்கத்து வீட்டு வாசலில் சிவப்பு ஊதுவத்திக் கிண்ணம். சாந்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும். அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் அந்தக் கதவைப் பார்த்தேன். ஹாலை ஒட்டியே இருந்தது. பித்தளைப் பூட்டு. கதவிலேயே ஆணி அடித்துக் குணாவின் படத்தை மாட்டியிருந்தாள். கதவுக்குக் கீழே அவனுடைய ரப்பர் செருப்பு, வெளியே பார்த்த மாதிரி இருந்தது.

நான் பையை வைப்பதற்குள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வேலிக் கம்பிக்கு மேல் எட்டிப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னாள். கவிதா பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"எப்பவும் சொல்றதுதான் அத்தை. 'உங்கப்பா நேத்தும் ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தாரு, ரொம்ப இளைச்சுட்டாரு, சாப்பாடு கொடுங்க'ங்கறாங்க."

"கண்ணைப் பரிசோதிச்சுக்கச் சொல்லு" என்றேன். கவிதா சிரிக்கவில்லை.

சாப்பிட்டதும் கவிதா மருத்துவப் பரிசோதனைக்குப் போனாள். நானும் சாந்தியும் அடுப்படியில் உட்கார்ந்து மறுநாள் படையலுக்கு நெத்திலி ஆய்ந்தோம். குணாவுக்கு நெத்திலிச் சம்பல் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். நல்ல நேரம் என்று நினைத்து ஆரம்பித்தேன்.

"சாந்தி, ஆறு மாசம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. அறையைத் திறந்துடலாம். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு சோபாவுல கிடக்கு."

"காலம் முடிஞ்சிருச்சுக்கா. அவரு போகலையே."

"அதெல்லாம் மனப்பிராந்தி."

அவள் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். மணி மூன்று இருக்கும். தெருவில் ஐஸ்கிரீம் வண்டியின் மணி போய் ஓய்ந்தது.

அப்போது, பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். ஒரு முறை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை.

சாந்தியின் கை அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. 'சொல்லுடா' என்பது என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். பிறகு இருவரும் அந்த நெத்திலி முழுவதையும் பேசாமல் ஆய்ந்து முடித்தோம்.

வியாழக்கிழமை திதி. விடிந்ததும் சாந்தி சமையலை முடித்துவிட்டாள். சோறு, சம்பல், ஆட்டுக்கறிப் பிரட்டல், ஒரு டின் பீர். எல்லாவற்றையும் பூட்டிய கதவுக்கு எதிரே வாழையிலையில் பரிமாறினாள். கவிதா சோபாவில் கையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அவள் கால்கள் வீங்கியிருந்தன.

'காலம் முடிவுற்றது' என்பது செல்லவில்லை. மற்ற வழி ஒன்றுதான் இருந்தது.

"சாந்தி, கற்பூரம் ஏத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் போட்ட கணக்கு தப்பு." இந்தியா நேரம், மலேசியா நேரம், அவிட்டம், திருவோணம் எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். "அடைப்பே கிடையாது. நீ ஒருநாள்கூடப் பூட்டியிருக்க வேண்டியதில்ல. மன்னிச்சுக்க."

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். சாந்தி இலையில் சம்பலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பதினாறாம் நாளே கோயில் ஐயரு சொல்லிட்டாரு. 'நேரத்த மாத்திப் பாத்திருக்காங்கம்மா, அடைப்பு இல்ல'ன்னு."

"அப்புறம் ஏன் பூட்டினே?"

"அடைப்புன்னா அவரு வீட்ட விட்டுப் போகமாட்டாருன்னு நீங்கதானேக்கா போன்ல சொன்னீங்க." இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆறு மாசம் கிடைக்குதேன்னு இருந்துச்சு."

கவிதா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மா, அப்ப ஜன்னல்ல?" என்றாள் கவிதா.

"நான்தான். நீ வேலைக்குப் போனப்புறம் திறந்து உள்ள போவேன். அவரு சட்டையப் போட்டுக்கிட்டுச் செத்த நேரம் உக்காந்திருப்பேன். அந்த ஆன்டிக்குக் கண்ணு மங்கல்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சரி, ஜன்னல் நீ. நேத்து மூணு மணிக்கு நீ என்கூட அடுப்படியில இருந்தே" என்றேன்.

சாந்தி முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் கேட்டுச்சா? கவிதாவுக்குக் கேட்டது என் புலம்பலக் கேட்டுக்கேட்டு வந்த பிரமைன்னு நினைச்சிருந்தேன்க்கா. எனக்குத்தான் புத்தி பேதலிச்சிருச்சுன்னு."

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஆவியைப் பற்றிய பயமல்ல. குணா நான் சொன்னதைக் கேட்பவன். சின்ன வயதில் 'இங்கேயே நில்லு, வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு ரேஷன் கடை வரிசைக்குப் போவேன். திரும்பி வரும்வரை, வெயிலோ மழையோ, சொன்ன இடத்தில் நிற்பான். ஒருமுறை மறந்துபோய் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அதே விளக்குக் கம்பத்தடியில் நிற்கிறான். இப்போதும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறானா? தப்பான உத்தரவில், ஒரு வருடமாக?

ரத்து செய்துவிட்டால் அந்தக் குரல் இனி எனக்கு வராது. ரயிலில் 'உக்காருக்கா' என்று சொன்ன குரல். சாந்தி ஏன் பூட்டினாள் என்று அந்த நொடியில் முழுசாகப் புரிந்தது. சாவி என் கழுத்தில் கிடந்திருந்தால் நானும் கழற்றியிருக்கமாட்டேன்.

சோபாவில் கவிதா புரண்டு உட்கார முயன்று முடியாமல் முனகினாள்.

நான் எழுந்து கதவருகே போனேன். என்னையறியாமல் தொண்டையைச் செருமிக்கொண்டேன், இரண்டு முறை.

"குணா, அக்கா பேசறேன். கணக்கு தப்புடா. தப்பு என்னுது. உனக்கு அடைப்பு எதுவும் இல்ல. நீ போலாம்."

பின்னால் சாந்தி கழுத்திலிருந்து சாவியைக் கழற்றும் சத்தம் கேட்டது. பூட்டுக்குள் சாவியை நுழைக்கத் தடுமாறினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கதவு திறந்தது.

ஓர் அறை. கட்டில், அலமாரி, நாற்காலியின் முதுகில் ஒரு நீலச் சட்டை. கட்டிலடியில் ஒற்றைக் காலுறை. வேறொன்றும் இல்லை. மூவரும் வாசலிலேயே நின்றோம். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டோம். காக்கைக்குச் சோறு வைத்தோம். இந்த ஊர்க் காக்கைகளும் முதலில் கறியைத்தான் எடுக்கின்றன.

மத்தியானத்துக்குள் நானும் சாந்தியும் அறையைக் கழுவித் துடைத்து, மெத்தையை வெயிலில் தட்டிப் போட்டோம். கவிதா படுத்தவுடன் தூங்கிவிட்டாள். மாதக்கணக்கில் தூங்காதவள் மாதிரி, குறட்டையோடு.

நாங்கள் ஹாலில் டீயோடு உட்கார்ந்தோம். இருவரும் கடிகாரத்தைப் பார்க்காதவர்கள்போல இருந்தோம். ஐஸ்கிரீம் வண்டியின் மணி தெருமுனையில் கேட்டது, வாசலைத் தாண்டியது, ஓய்ந்தது. மூன்று மணி ஆயிற்று. மூன்றேகால். திறந்த கதவு வழியாகக் கவிதாவின் குறட்டை தவிர வேறு சத்தமில்லை. அவ்வளவு வெறுமையான ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. மூன்றரைக்குச் சாந்தி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"உயிரோட இருந்தப்ப, டாக்டர்கிட்டப் போங்கன்னு நான் ஒரு வருஷமாக் கெஞ்சினேன், கேக்கல" என்றாள். "நீங்க ஒரு வார்த்த சொன்னா மட்டும் உடனே கேட்டுருவாரு."